பேரன் கொடுத்த டச் போனும் நவம்பர் மாதச் சான்றிதழும்

கேள்வி: எனக்கு 71 வயதாகிறது. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் காலமான பிறகு, குடும்ப ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் தனியாக வசிக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டன் போன்தான் வைத்திருந்தேன். தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு டச் போனைக் கையில் கொடுத்து, “அம்மாச்சி, இனிமேல் இதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது வீடியோ காலில் பேசவும், வாட்ஸ்அப்பில் படம் பார்க்கவும் வருகிறது. அடுத்து, கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கவும், ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை வீட்டிலிருந்தே அனுப்பவும் பழகலாம் என்கிறான். “இந்த வயதில் எதற்கு வம்பு?” என்கிறார் மருமகன். லேசாகத் தொட்டால் போன் அசைய மறுக்கிறது. அழுத்தினால் வேறு ஏதோ திறந்துகொள்கிறது. தெரியாமல் எதையாவது தொட்டுப் பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அம்மா, அழுத்தினால் வேறு ஏதோ திறந்துகொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. பட்டன் போனுக்கு விரலின் பலம் வேண்டும். டச் போனுக்குப் பலம் வேண்டாம். விரல் பட்டதும் திரையில் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்தே அது தொடுதலை அறிகிறது. வயதாக ஆக விரல் நுனி உலர்ந்துபோவதால் சில நேரம் அந்தத் தொடுதல் சரியாகப் பதிவதில்லை. உடனே நாம் பழைய வழக்கத்தில் அழுத்திப் பிடிக்கிறோம், போனோ நீண்ட தொடுதலை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் பகுதிக்குள் அக்செசிபிலிட்டி என்ற இடத்தில், ‘டச் அண்ட் ஹோல்ட்’ எவ்வளவு நேரம் என்பதைக் கூட்டி வைக்க வழி இருக்கிறது. பேரனை அதை அதிகபட்ச அளவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். எழுத்தின் அளவையும் அப்படியே பெரிதாக்கிவிடட்டும். திரையின் அடியில் பின்னே போவதற்கும் முகப்புக்கு வருவதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் தெரியும்படி வைத்துக்கொண்டால், எங்கே மாட்டிக்கொண்டாலும் வெளியே வரும் வழி கண்ணெதிரே இருக்கும்.

மொழியைத் தமிழுக்கு மாற்றுவதா என்பதைப் பேரனோடு பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு. ஆனாலும் அவன் தஞ்சாவூரிலிருந்து தொலைபேசியில் “செட்டிங்ஸுக்குப் போ, அம்மாச்சி” என்று சொல்லும்போது உங்கள் திரையில் ‘அமைப்புகள்’ என்று இருந்தால், இருவருமே திண்டாடுவீர்கள். தமிழில்தான் வேண்டும் என்றால், அவனும் தன் போனைத் தமிழுக்கு மாற்றி ஒரு வாரம் பழகிவிட்டு உங்களுக்கு வழி சொல்லட்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: சொல்லித்தரும்போது போன் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் அன்பு மிகுதியால் “கொடு, நான் செய்து தருகிறேன்” என்று வாங்கி நான்கு நொடியில் முடித்துவிடுகிறார்கள். வேலை நடக்கிறது, நமக்கு ஒன்றும் வருவதில்லை. என் தங்கை மகள் இரண்டு ஆண்டுகள் எனக்கு ரீசார்ஜ் செய்து கொடுத்தாள். அவள் வேலைக்காக வெளியூர் போன பிறகுதான் ஒரே மாலையில் நான் அதைக் கற்றுக்கொண்டேன்.

பணத்தைப் பொறுத்தவரை மருமகன் சொல்வதைப் பாதி ஏற்கலாம். ஓய்வூதியம் வரும் கணக்கை இப்போதைக்குப் போனோடு இணைக்க வேண்டாம். வங்கியில் இன்னொரு கணக்கு தொடங்கி, அதில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் மட்டும் போட்டு அதை இணைத்துக்கொள்ளுங்கள். தவறே நடந்தாலும் இழப்பு அந்தத் தொகையைத் தாண்டாது என்று தெரிந்தால் விரல் நடுங்காது. கணக்கு தொடங்கும்போது உங்கள் போனில் இருக்கும் எண்ணையே பதிவு செய்யுங்கள். பல வீடுகளில் பெண்களின் வங்கிக் கணக்கில் மகன் எண்ணோ மருமகன் எண்ணோதான் இருக்கிறது. பதிவு செய்த எண்ணுள்ள சிம்மிலிருந்து குறுஞ்செய்தி போனால்தான், போன் வழியே பணம் செலுத்தும் முறையான யுபிஐ இயங்கத் தொடங்கும் என்பதால், அங்கேயே வேலை நின்றுவிடும்.

தனிக் கணக்கு தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்றால் ஒரு நடைவண்டி இருக்கிறது. 2024-இல் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில், உங்கள் மகள் தன் கணக்கிலிருந்து நீங்கள் பணம் செலுத்த அனுமதி தரலாம். கடையில் நீங்கள் ஸ்கேன் செய்தவுடன் மகளின் போனுக்குக் கேள்வி போகும், அவர் ஒப்புதல் கொடுத்த பிறகே பணம் நகரும். மருமகனும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

கடையில் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படித்து, கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண்ணைப் போடுங்கள். பின் எண் பணம் கொடுப்பதற்குத்தான். பணம் வாங்குவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள்” என்று யார் சொன்னாலும் அவர் திருடர். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்து, திறந்தால் ஒரு செயலியை நிறுவச் சொல்லும் கோப்பையும் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடைமறிக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணைப் பேரன் பெயருக்குக் கீழேயே சேமித்து வையுங்கள்.

உயிர்வாழ் சான்றிதழுக்கு வருகிறேன். ‘ஜீவன் பிரமாண்’ என்ற இணையவழி முறை 2014 நவம்பரில் வந்தது. ஆனால் கைரேகையைச் சரிபார்க்கும் கருவி, ரேகை தேய்ந்த முதியவர்களைப் பல நேரம் ஏற்க மறுத்தது. 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி வந்தது பலருக்கு நிம்மதி. அதற்கு ஜீவன் பிரமாண் செயலியும், ஆதார் முகச் சரிபார்ப்புச் செயலியும் வேண்டும். செயலியை இயக்குபவர் முதலில் தன் முகத்தைப் பதிவு செய்துகொண்டு, பிறகு ஓய்வூதியதாரரின் முகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பதால், இந்த ஒரு வேலையை மட்டும் முதல் ஆண்டு பேரனே தன் போனில் செய்யட்டும், நீங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். எல்லாம் சரியாக நடந்தால் சான்றிதழின் அடையாள எண் குறுஞ்செய்தியாக வரும். உங்களுக்கு மாதம் நவம்பர்தான்; 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே வழி உண்டு.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் பழக்குகிறேன். எல்லாம் வந்துவிட்டது, தமிழில் தட்டச்சு செய்ய மட்டும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கச் சொன்னால் கோபப்படுகிறார். நானும் குரலை உயர்த்திவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: அவர் கோபம் நியாயமானது. காலமெல்லாம் ‘ழ’கரம் சொல்லிக்கொடுத்தவரிடம் அதை இரண்டு ஆங்கில எழுத்தில் அடி என்றால் வேறென்ன சொல்வார்? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிரையும் மெய்யையும் சேர்த்தால் உயிர்மெய் வரும்படி அமைந்தது. இலக்கணம் அறிந்தவருக்கு அது வேகமாகப் பிடிபடும். செல்லினம் செயலியில் கிடைக்கிறது. அதற்கும் முன்பாக ஒன்றைச் செய்து பாருங்கள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் கையெழுத்து முறையைச் சேர்த்து, போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். திரையில் விரலால் எழுத எழுத அது அச்செழுத்தாக மாறும். கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. நீங்கள் அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் போய்விடுங்கள்.