செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? – கேள்வி பதில்

மாவட்ட நிருபராகச் சேர்ந்து, செய்தி ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பத்திரிகைச் சுதந்திரம் பற்றியும், பத்திரிகை நடத்த ஆகும் பணம் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நம் அரசியல் சட்டத்தில் ‘பத்திரிகைச் சுதந்திரம்’ என்ற சொல்லே இல்லையாமே சார்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

உண்மைதான் அம்மா. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிற பேச்சுரிமைக்குள்தான் பத்திரிகையும் அடக்கம். அதற்காக நடந்த பெரிய வழக்குகளைப் பாருங்கள், பாதி வழக்கு காசைப் பற்றியது. இத்தனை பக்கம் போட்டால் இத்தனை பைசா விலை வைக்க வேண்டும் என்று 1960-இல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. விலையை ஏற்றினால் வாசகர் போய்விடுவார், பக்கத்தைக் குறைத்தால் செய்தி போய்விடும். புனேயின் சகாள் பத்திரிகை வழக்குப் போட்டது. 1961-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தூக்கி எறிந்தது. பத்துப் பக்கத்துக்கு மேல் அச்சிடக் கூடாது என்ற நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் அச்சிடும் காகிதம்) கட்டுப்பாடும் 1972-இல், ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனத்தின் வழக்கில் அதே வழியில் போனது. ஒரு வரியைக்கூட வெட்டாமல் பத்திரிகையை முடக்க முடியும் என்பதை நீதிபதிகள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள்.

எமர்ஜென்சியில் தணிக்கை இருந்தது. இப்போது யாரும் வந்து எழுதாதே என்று சொல்வதில்லையே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

1975 ஜூன் 25 இரவே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் தெருவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள் ஐயா. தணிக்கையை எதிர்த்து ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெற்றாக விட்டு வெளியிட்டது. அந்த அடக்குமுறை கண்ணுக்குத் தெரிந்தது.

தெரியாமல் நடப்பது எப்படி என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு ஊரில் போட்டு மூன்றே மாதமான தார்ச்சாலை பெயர்ந்து வந்தது. ஜல்லியைக் கையில் அள்ளிப் படம் எடுத்துப் போட்டோம். யாரும் மிரட்டவில்லை, மறுப்பும் வரவில்லை. அடுத்த வாரம் எங்கள் விளம்பரப் பிரிவுக்காரர் மேசையில் வழக்கமாக வரும் ஆர்.ஓ. வரவில்லை. ரிலீஸ் ஆர்டர், அதாவது இந்த டெண்டர் விளம்பரத்தை இத்தனை சென்டிமீட்டரில் போடு என்று அரசு அலுவலகத்திலிருந்து வரும் தாள். நான்கு மாதம் அது வரவே இல்லை. அந்த நான்கு மாதமும் சம்பளம் பதினைந்தாம் தேதிதான். ஒருநாள் மேலாளர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, “கொஞ்சம் பார்த்து எழுதுங்களேன்” என்றார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அடுத்த சாலைச் செய்தி வந்தபோது நானே அதை ஆறாம் பக்கத்துக்குத் தள்ளினேன். இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

நிருபர்கள் ‘கவர்’ வாங்குவது உண்மையா? (பெயர் வேண்டாம்)

உண்மை. செய்தி போடுவதற்காக உறையில் வைத்துக் கொடுக்கும் பணம்தான் ‘கவர்’. வாங்காதவர்களும் நிறையப் பேர். தாலுகா நிருபருக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் அவர் காசு. இது தவறுக்கு நியாயம் ஆகாது, ஆனால் தவறு தொடங்கும் இடம் இது. 2009 தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிச் செய்தி போட்டது பற்றிப் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு ஊடகங்களின் பெயர்களோடு அறிக்கை தயாரித்தது. கவுன்சில் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. தகவல் ஆணையம் சொன்ன பிறகுதான் 2011-இல் முழு அறிக்கை வெளியே வந்தது.

சந்தாவை நம்பி ஒரு நிறுவனம் பிழைக்குமா அண்ணா? நாங்கள் மூன்று பேர் சின்னதாக ஆரம்பிக்கும் யோசனையில் இருக்கிறோம். (கோவை)

பிழைக்கும் தம்பி, ஆனால் பொறுமை வேண்டும். நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மலேசியாவின் இணையச் செய்தித்தளமான ‘மலேசியாகினி’. 1999-இல் தொடங்கினார்கள். அச்சுப் பத்திரிகைக்கு அரசு உரிமம் வேண்டும், இணையத்துக்கு வேண்டாம் என்ற நிலையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். எல்லோரும் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்த 2002-இலேயே சந்தா கேட்டார்கள். 2003-இல் போலீஸ் வந்து கணினிகளைத் தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் சொந்தக் கட்டடம் வாங்க ஒரு செங்கல் ஆயிரம் ரிங்கிட் என்று வாசகர்களிடம் நிதி திரட்டினார்கள்.

2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக நீதிமன்ற அவமதிப்பு என்று 5 லட்சம் ரிங்கிட் அபராதம். அரசுத் தரப்பு கேட்டதே 2 லட்சம்தான். நிறுவனம் வாசகர்களிடம் கேட்டது. சில மணி நேரத்தில் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. அது இருபது வருஷம் சம்பாதித்த நம்பிக்கை. ஆரம்பத்தில் வெளிநாட்டு ஊடக நிதியம் ஒன்றின் முதலீடும் அவர்களுக்கு இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று வருஷத்துக்குக் கையில் வேறு ஏற்பாடு இல்லாமல் இறங்காதீர்கள்.

அந்த மாதிரி வெளிநாட்டு நிதியை இங்கே வாங்கலாமா? (அதே நண்பர்)

நன்கொடையாக என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் செய்தி ஊடகத்துக்குக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. முதலீடாக என்றால் டிஜிட்டல் செய்திக்கு 26 சதவீதம் வரைதான், அதற்கும் அரசு அனுமதி வேண்டும். நம் ஊர்க் காசில் நடத்தப் பழகுங்கள்.

அவதூறு வழக்கு வந்தால் சின்னப் பத்திரிகை என்ன செய்யும்? (வழக்கறிஞர், சென்னை)

உங்களுக்குத் தெரியாததா! 2012 வாக்கில் தமிழக அரசு ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் என். ராம் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் மேல் போட்ட வழக்குகளை 2020 மே மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜெயிப்பதற்கே எட்டு வருஷம். 1987-இல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். அவர் வழக்கு நடத்தி, ஆயிரம் ரூபாய் இழப்பீட்டோடு தீர்ப்பு வாங்கினார். விகடனுக்கு அந்த வலு இருந்தது. மூன்று பேர் நடத்தும் இதழுக்கு வாய்தாவுக்குப் போய்வரும் செலவே தண்டனை. சின்ன இதழ்கள் சேர்ந்து பொது வழக்கு நிதி ஒன்று வைக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் மாதம் ஒரு வழக்கைக் கட்டணமில்லாமல் எடுத்தாலே பெரிய உதவி.

மாதம் 200 ரூபாய்தான் என்னால் முடியும். யாருக்குக் கொடுப்பது? (இல்லத்தரசி, மதுரை)

தாராளமாகப் போதும் அம்மா. முதலில் யார் உரிமையாளர், பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே சொல்கிறார்களா பாருங்கள். தப்பாகப் போட்ட செய்திக்குத் திருத்தம் போடுகிறார்களா பாருங்கள். உங்கள் ஊர் வார்டு கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிறவர் யாராவது இருந்தால் அவருக்கே முதல் இடம். ஒரே தடவை 2,000 கொடுப்பதைவிட மாதாமாதம் 200 நல்லது. அடுத்த மாதச் சம்பளத்தை அவர்கள் கணக்குப் போட முடியும். வாட்ஸ்அப்பில் வரும் பத்திரிகை பி.டி.எஃப்.-ஐ அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சந்தா முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மறந்துபோய் விட்டவர்கள்தான் அதிகம்.