ரூட் கேனால் செய்த பிறகு எதைச் சாப்பிடலாம், எத்தனை நாள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் நேற்று ரூட் கேனால் ஆரம்பித்தார்கள். தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருக்கிறார்கள், இன்னொரு முறை வரச் சொன்னார்கள். எப்போதிலிருந்து வழக்கம்போலச் சாப்பிடலாம்? எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பதில்:

நான் டாக்டர் இல்லை. இரண்டு பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டவன். முதல் பல்லில் செய்யக் கூடாததையெல்லாம் செய்துவிட்டு, இரண்டாவதில் கேள்வி மேல் கேள்வி கேட்டு டாக்டரைப் படுத்தியவன். அப்படித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சையே கேளுங்கள், உங்கள் வாய்க்குள் பார்த்தவர் அவர்தான்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். மரப்பு முழுசாகப் போகும்வரை எதையும் மெல்லாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் மெத்தென்ற சாப்பாடு, அதுவும் மறுபக்கமாக மென்று. அதற்குப் பிறகு மற்றப் பற்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு பல்லில் மட்டும், கேப் (பல்லை மூடி மேலே மாட்டும் உறை) போடும்வரை, கெட்டியானதோ ஒட்டுவதோ படக் கூடாது. முதல் இரண்டு நாள் வலி இருப்பதால் எல்லாரும் தானாகவே ஒழுங்காக இருப்பார்கள். மாட்டிக்கொள்வதெல்லாம் வலி விட்டுப் போன பிறகுதான். நானும் அப்படித்தான் மாட்டினேன், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மரப்பு. உங்களுக்கு நேற்றே தெளிந்திருக்கும். ஆனாலும் அடுத்த முறை மறுபடி ஊசி போடுவார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன். கீழ்த் தாடையில் பெரும்பாலும் பல்லுக்குப் பக்கத்தில் போடாமல், தாடையின் பின்கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தருகே போடுவார்கள். அதனால் பல்லோடு சேர்த்து அந்தப் பக்கத்து உதடு, முகவாய், நாக்கில் பாதி எல்லாம் மரத்துவிடும். மூன்று நாலு மணி நேரம் சாதாரணம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும்.

எனக்கு முதல் தடவை மத்தியானம் முடிந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, நல்ல பசி. வீட்டுக்கு வந்து ரொட்டியைச் சூப்பில் நனைத்துச் சாப்பிட்டேன், மெத்தென்றுதானே இருக்கிறது என்று. நாலாவது வாயிலோ ஐந்தாவது வாயிலோ கொஞ்சம் ஜவ்வு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. சூப்பில் கிடந்த இறைச்சித் துண்டாக்கும் என்று இரண்டு தடவை நன்றாகவே கடித்தேன். கரண்டியை வெளியே எடுத்தால் அதில் சிவப்பு. கடித்தது என் சொந்தக் கன்னத்தின் உள்பக்கம். துளி வலி இல்லை, சாயந்திரம்வரை. அப்புறம் அந்தப் புண் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பல்லைவிட அதுதான் என்னை அழவைத்தது.

ஆகவே சோதித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். கீழுதட்டை இரண்டு பக்கமும் விரலால் லேசாகக் கிள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உறைத்தால் சரி, மெல்லலாம். ஒரு பக்கம் மந்தமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம். காபி, டீ, சூப் என்றால் ஆறிய பிறகு. மரத்த நாக்குக்குச் சூடு தெரியாது, தெரிவதற்குள் பொத்துப் போயிருக்கும்.

இதைவிட நல்ல வழி, டாக்டரிடம் போவதற்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பல் துலக்கிவிட்டுப் போவது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மருந்தைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். நேரம் வாங்கும்போதே அதைச் சொல்லி, சாப்பாட்டு வேளைக்குத் தோதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வலி. நரம்பைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு கடித்தால் ஏன் வலிக்கிறது என்று எனக்குப் பெரிய சந்தேகம். வேலை ஒழுங்காக நடக்கவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். விஷயம் அது இல்லை. பல் எலும்பில் நேராக ஊன்றி நிற்பதில்லை. நடுவே மெல்லிய நார்களால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது, அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பல்லுக்குள் இருந்த நரம்பு போய்விட்டாலும், வெளியே இருக்கும் அந்த நார்களுக்கு உணர்ச்சி அப்படியே இருக்கிறது. வேர் நுனி வரைக்கும் சுத்தம் செய்ததில் அந்த இடம் கன்றிப் போயிருக்கும். அடிபட்ட இடத்தை அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான், பல்லில் அழுத்தம் விழும்போதெல்லாம் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு ஒரு வாரம் லேசாக இருக்கும்.

இதிலிருந்தே சாப்பாட்டுக்கான விதியும் வந்துவிடுகிறது. அந்தப் பல்லுக்கு வலி அழுத்தத்தால் வருகிறது. சூடு, குளிர்ச்சி அதற்கு இனி ஒரு பொருட்டே இல்லை. மரப்பு போன பிறகு ஐஸ்கிரீமும் சாப்பிடலாம், சூடாகவும் குடிக்கலாம். வேலை முழுசாக முடிந்த பிறகும் குளிர்ந்த தண்ணீர் அங்கே சுள்ளென்று இழுத்தால், பக்கத்துப் பல்லில் ஏதோ இருக்கலாம், அல்லது உள்ளே ஒரு வேரில் நரம்பு மிச்சம் இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எது மெத்தென்ற சாப்பாடு என்று நான் வைத்திருந்த அளவுகோல் இது: நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். குழைய வெந்த சோறு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, வெந்த பருப்பு, முட்டை, தயிர், வாழைப்பழம், முள் எடுத்த மீன் எல்லாம் இதில் தேறிவிடும். வெறும் ஜூஸையும் கூழையும் குடித்தே நாளை ஓட்ட வேண்டாம். நான் முதல் நாள் அப்படி இருந்து, சாயந்திரம் தலை சுற்றியது. வெறும் வயிற்றில் ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டால் வயிறு வேறு எரியும். ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

வாயை ரொம்ப நேரம் திறந்து வைத்திருந்ததால் தாடை பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரண்டு விரல்கூட வாய்க்குள் போகாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிட்டால் போதும். நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடினால்தான் யோசனை.

ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். அது பல் பிடுங்கியவர்களுக்கான விதி. பிடுங்கிய குழியில் உறைந்த ரத்தம் உறிஞ்சும்போது பெயர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. உங்களுக்குக் குழியே இல்லை.

இப்போது என் கதை. ஐந்தாம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. இரண்டாம் முறை வரச் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே பாப்கார்ன் தின்றேன். பொரிந்தது பஞ்சு மாதிரிதானே. கிண்ணத்தின் அடியில் கிடந்த பொரியாத ஒரு சோளம் நேராக அந்தப் பல்லில் போய் உட்கார்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம், மண்டைக்குள் கேட்டது. வலி இல்லை. நாக்கால் தடவினால் பல்லின் நடுவே ஒரு பள்ளம், ஓரம் பிளேடு மாதிரி கீறியது. அடைத்ததில் பாதி கையில் வந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது.

மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். டாக்டர் திட்டவில்லை, கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றி மெல்லிய சுவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழுப் பல், உள்ளே வெறும் ஓடு. சொத்தை ஏற்கனவே தின்றது பாதி, வேருக்கு வழி பண்ணக் குடைந்தது மீதி. கடைவாய்ப் பல்லில் ஒரு ஆள் பலம் முழுக்கப் போட்டுக் கடித்தால் 50, 60 கிலோ அளவுக்கு அழுத்தம் விழும். அது அந்தச் சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளும். அடைப்பு மட்டும் போனால் திரும்ப அடைத்துவிடலாம். சுவர் மேலே உடைந்தாலும் கேப் போட்டுச் சமாளிக்கலாம். வெடிப்பு ஈறுக்குக் கீழே இறங்கி வேர்வரை போய்விட்டால் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. எனக்கு முதல் வகையோடு போயிற்று.

அந்தத் தற்காலிக அடைப்பைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. பசை மாதிரி வைப்பார்கள், எச்சில் ஈரத்தில் மெதுவாக இறுகும். அதனால் முதல் ஒரு மணி நேரம் மரப்பு இல்லாவிட்டாலும் அங்கே எதையும் படவிடக் கூடாது. சில வகையில் கிராம்பு வாசனை வரும், அது மருந்தின் வாசனைதான். மேலே கொஞ்சம் தேய்ந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ பரவாயில்லை. பள்ளம் விழுந்தாலோ மொத்தமாகக் கழன்றாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், அங்கே வலிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. எச்சிலோடு கிருமி மறுபடி வேருக்குள் இறங்கினால் செய்த வேலை எல்லாம் வீண். அடைப்பு நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது, ஓரமாகக் கசிய ஆரம்பிக்கும்.

எதைத் தவிர்ப்பது என்றால் ஐஸ் கட்டி, பாதாம், வறுத்த கடலை, எலும்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் வருவதுதான் ஆபத்து. பருப்பிலும் அரிசியிலும் கிடக்கும் கல், பழத்துக்குள் இருக்கும் விதை, இறைச்சியில் ஒட்டிய எலும்புச் சில், மேலே பருப்பு தூவிய கேக். ஒட்டுகிறவை இன்னொரு ரகம். கெட்டியானது அடைப்பை உள்ளே இடிக்கிறது, டாஃபியும் சூயிங்கமும் பேரீச்சையும் அதை மேலே இழுத்துப் பெயர்க்கின்றன. மறுபக்கம்தான் மெல்கிறோமே என்று டாஃபியைப் போட்டுக்கொண்டால் அது வாய் முழுக்கச் சுற்றும், ஒரு பக்கமாக நிற்காது.

ஒரே பக்கம் மெல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெல்லாத பக்கம் அழுக்கு அதிகம் படியும், வலிக்குமோ என்று பிரஷ்ஷும் போட மாட்டோம். மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் துலக்கத்தான் வேண்டும். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இடுக்கில் இருப்பது வந்துவிடும். பல்லிடுக்கில் நூல் விடுகிற பழக்கம் இருந்தால், மேலே வெடுக்கென்று இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். குச்சியால் குத்தவே கூடாது.

ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவைப்படாது. கொடுத்த சீட்டில் மெட்ரோனிடசோல் இருந்தால் வாயில் ஒரு உலோக ருசி வரும், பிடித்த சாப்பாடும் பிடிக்காது. மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். அது முடியும்வரையிலும், முடிந்து இரண்டு மூன்று நாளுக்கும் மது வேண்டாம்.

வாயை மூடும்போது மற்றப் பற்களுக்கு முன்னால் அந்தப் பல் போய் இடிக்கிறதா என்று கவனியுங்கள். அடைப்பு ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் அடி விழும், வலி அடங்காது. போனால் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். மூன்று நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, வீக்கம், காய்ச்சல், சீழ் இருந்தாலோ அன்றே போங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் பல் டாக்டருக்குக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

கேப் போடுவதைத் தள்ளிப் போடாதீர்கள். 2002-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கேப் போடாத ரூட் கேனால் பற்கள் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் விழுந்திருந்தன. என் நண்பர் ஒருவர் வலி இல்லை, வேலை இருக்கிறது என்று எட்டு மாதம் தள்ளினார். ஒரு நாள் காய்ந்த ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. கேப் ஒட்டிய அன்று பசை இறுகும்வரை அந்தப் பக்கம் ஒட்டுகிற சாப்பாடு வேண்டாம். எனக்கு ஒரு நாள் பொறுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தப் பல்லில் எல்லாம் மெல்கிறேன், ஐஸ் கட்டி மட்டும் இல்லை. அது நல்ல பல்லுக்கும் ஆகாத பழக்கம்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது முன்பல்லில் செய்திருந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். பல் அதிகம் சிதையாமல் இருந்தால் பல நேரம் கேப் இல்லாமல் அடைப்போடு விட்டுவிடுவார்கள். மென்று தின்பதில் பெரிய தொந்தரவு இருக்காது. ஆப்பிள் மாதிரி கெட்டியானதை மட்டும் முன்பல்லால் கடித்து இழுக்காமல், கத்தியால் வெட்டி நேராகக் கடைவாய்க்கு அனுப்பிவிடுங்கள்.