மயக்க வாயுவை இழுத்த பிறகு நடந்தது எதுவும் ஏன் நினைவில் இருப்பதில்லை?

செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் மாதிரி மூச்சு வழியே தரும் மயக்க மருந்துகள் நுரையீரலில் இருந்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகின்றன. அங்கே நரம்பு செல்களை அடக்கி வைக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை இவை பலப்படுத்துகின்றன (வேறு வழிகளும் உண்டு, முக்கியமானது இதுதான்), அதனால் செல்களுக்கு இடையே தகவல் போவது குறைகிறது. இதில் சுவாரஸ்யம், ஆளை முழுதாக மயக்கத் தேவையானதைவிடக் குறைந்த அளவிலேயே, புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி தடுமாறிவிடும். சிசிடிவி கேமரா ஓடுகிறது, ஹார்டு டிஸ்க்கில் எதுவும் ஏறவில்லை, அப்படி. மயக்கம் தெளியும்போது நர்ஸிடம் பேசியவர்கூட, பிறகு கேட்டால் "நானா பேசினேன்?" என்பார்.

அப்புறம், பழைய நினைவெல்லாம் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அழியாது, அந்த நேரத்தில் நடந்தது பதிவாகாமல் போகிறது, அவ்வளவுதான். வயதானவர்களுக்குச் சில நாள் குழப்பம் வரலாம், அது வேறு விஷயம்.