இன்டர்நெட் வருகிறது, டொமைன் கிடைக்கவில்லை!

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) ஒரு மெஷினில் விண்டோஸ் சர்வர், இன்னொன்றில் விண்டோஸ் 10 புரோ போட்டிருக்கிறேன். சர்வரை டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் எனும் கணினிக் குழுவை நிர்வகிக்கும் சர்வர்) ஆக்கியாயிற்று. இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் விண்டோஸ் 10-ஐ டொமைனில் சேர்க்கப் போனால், டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. ஃபயர்வாலை அணைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஃபயர்வாலை மறுபடி போட்டுவிடுங்கள், தப்பு அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு மெஷினிலும் கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கட்டளை கொடுத்து ஐபி முகவரியைப் பாருங்கள். இரண்டுமே 10.0.2.15 என்று காட்டினால் காரணம் அதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகப் போட்டுத் தரும் 'நேட்' முறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி ரவுட்டர் இருப்பது போல. வெளியே போக வழி உண்டு, பக்கத்து மெஷினைப் பார்க்க வழியே இல்லை. அதனால் இன்டர்நெட் வருவதை வைத்து நெட்வொர்க் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

நெட்வொர்க் மேனேஜரில் புதிதாக ஒரு 'நேட் நெட்வொர்க்' உருவாக்கி, இரண்டு மெஷினின் அடாப்டரையும் அதற்கு மாற்றுங்கள். 'நேட்' வேறு, 'நேட் நெட்வொர்க்' வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றித் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அந்த நெட்வொர்க் 10.0.2.0/24 என்று இருந்தால், சர்வருக்கு நிலையான முகவரியாக 10.0.2.200, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 10.0.2.1 கொடுங்கள்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் சேவை. பெரும்பாலானவர்கள் இடறுவது இங்கேதான். விண்டோஸ் 10-இல் டிஎன்எஸ் சர்வராக 10.0.2.200 மட்டும் இருக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதை விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவை (ஒரு சேவையை எந்த சர்வர் தருகிறது என்று சொல்லும் பதிவு) பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. வெளி டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் டொமைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அது பதில் சொன்னால் தேடல் அத்தோடு நின்றுவிடும். வெளித்தளங்களுக்கு, சர்வரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயர்களை அது கேட்டறியும் இடம்) 8.8.8.8 கொடுத்தால் போதும்.

மறுபடி சேர்க்கும்போது பிழை வந்தால், அந்தப் பெட்டியிலேயே இருக்கும் 'டீடெய்ல்ஸ்' பட்டனை அழுத்திப் படியுங்கள். டிஎன்எஸ் பெயர் இல்லை என்றிருந்தால் விண்டோஸ் 10 இன்னும் வேறு டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. எஸ்ஆர்வி கிடைத்தது, ஆனால் கன்ட்ரோலரை எட்ட முடியவில்லை என்றிருந்தால் சர்வரின் பழைய 10.0.2.15 முகவரி டிஎன்எஸ்ஸின் 'ஏ' பதிவில் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் பதிவு) ஒட்டிக்கொண்டிருக்கலாம். சர்வரின் டிஎன்எஸ் மேனேஜரில் அதை நீக்கி, 'ஐபிகான்ஃபிக் /ரிஜிஸ்டர்டிஎன்எஸ்' கொடுத்து, எஸ்ஆர்வி பதிவுகளைப் போடும் நெட்லாகன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் 10-இல் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' கொடுத்து, அது நினைவில் வைத்திருக்கும் பழைய பதில்களை அழியுங்கள்.

இரண்டு மெஷினின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை அனுமதிக்காது. சேவ் செய்து நிறுத்திய மெஷினை மறுபடி எழுப்பும்போது இது அடிக்கடி நேரும்.

கேள்வி: விண்டோஸ் 10 மெஷினில் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்து வைத்த நிலை) திரும்பியதும், டொமைனோடு உள்ள 'டிரஸ்ட்' உறவு அறுந்துவிட்டது என்கிறதே?

பதில்: டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மெஷின் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்னாப்ஷாட்டில் இருப்பது பழைய பாஸ்வேர்ட், சர்வரிடம் இருப்பது புதியது. டொமைனை விட்டு விலக்கிச் சேர்க்க வேண்டியதில்லை. லோக்கல் அட்மினாக நுழைந்து, பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்' கட்டளையை '-ரிப்பேர்', '-கிரெடென்ஷியல்' சேர்த்துக் கொடுத்து, டொமைன் அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் தாருங்கள். 'ட்ரூ' என்று வந்தால் வேலை முடிந்தது.