வட்டம் ஒன்று, பெயர் இரண்டு

கேள்வி: 3 வயது மகள் வட்டம் வட்டமாகக் கிறுக்குகிறாள். ‘இது என்ன?’ என்றால் ‘அம்மா’ என்கிறாள். சற்று நேரத்தில் அதையே ‘பஸ்’ என்கிறாள். முறையாக வரையச் சொல்லித்தர வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த வயதில் கை முந்தும், பெயர் பிந்தும். போட்டு முடித்த கோட்டைப் பார்த்து, அது எதைப் போல இருக்கிறது என்று அப்போதைக்கு முடிவு செய்கிறாள். பெயர் மாறினால் என்ன? ஒரு கோடு வேறொன்றைக் குறிக்கலாம் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. நாளைக்கு எழுத்து படிக்கவும் இதுதான் வேண்டும்.

‘இது என்ன?’ என்பது பரீட்சைக் கேள்வி. ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதில், கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: ‘பெரிய வட்டம், உள்ளே குட்டிக் குட்டிப் புள்ளி.’ பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். (பெரியவர்களுக்கு இதுதான் சிரமம்.) ‘பஸ்’ என்றால், ‘ஆமா, பஸ் போகுது’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். அவள் சொன்னதை அவள் பார்க்கவே தாளின் பின்புறம் எழுதி, தேதி போடுங்கள்.

நீங்கள் வரைந்து காட்டி ‘இதேபோல் போடு’ என்றால், சில நாளில் ‘நீயே போட்டுக் கொடு’ என்று கிரேயானை நீட்டிவிடுவாள். பார்த்துப் போடும் வட்டம் 3 வயதிலும், கூட்டல் குறி 4 வயதிலும், முக்கோணம் 5 வயதை ஒட்டியும் வரும். நடுவே, தலையிலிருந்தே கைகால் முளைத்த மனிதர் ஒருவர் வருவார். உடம்பு எங்கே என்று திருத்த வேண்டாம்.

கேள்வி: 4 வயது மகன் கிரேயானை முஷ்டியில் பிடிக்கிறான். சீக்கிரம் கை அசந்துவிடுகிறது.

பதில்: நீளமான கிரேயான் முஷ்டிக்கு இடம் கொடுக்கிறது. 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். விரல்நுனியால்தான் பிடித்தாக வேண்டும். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் துண்டுகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள், தொண்டையில் சிக்கும் அளவு அது. தாளைச் சுவரில் கண்மட்டத்தில் நான்கு மூலையும் ஒட்டுங்கள். மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து விரல்கள் எளிதாக அசையும். மேஜையில் என்றால் பாதம் ஊன்ற ஒரு பலகை வையுங்கள். கால் தொங்கினால் உடம்பைப் பிடித்து நிறுத்தவே பாதி பலம் போய்விடும். ஸ்கெட்ச் பேனா அழுத்தாமலே பளிச்சென்று விழும். கை வலுக்க கிரேயானின் உராய்வுதான் நல்லது.

கேள்வி: 2 வயது முடிந்தும் மகன் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. வரைந்தால் பேச்சு வருமா?

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனைச் சோதியுங்கள், காத்திருக்க வேண்டாம். படம் சிகிச்சை ஆகாது, துணைதான். தாளில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் வாளி, அடுத்ததில் பந்து வரையுங்கள். ‘முதல்ல குளியல், அப்புறம் பந்து’ என்று தொட்டுக் காட்டுங்கள். அவன் பந்தைத் தொட்டால் அதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.