ஸ்கூல் ‘கிட்’டுக்கு பில் கேளுங்கள்

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. ஒரே தனியார் பள்ளி. சீருடை, ஷூ, பை, நோட்டு, பிரவுன் அட்டை, லேபிள் வரை எல்லாவற்றையும் ‘கிட்’ என்று கட்டி ஒரே தொகையாகக் கேட்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. வெளியில் வாங்கினால் மிச்சமாகுமா? – வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: மிச்சமாகும். ஆனால் எதை வெளியில் வாங்குவது என்று முடிவுசெய்ய, பொருள்வாரியாக விலை போட்ட பில் முதலில் கைக்கு வர வேண்டும். பில் தராமல் விற்பது நியாயமற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இதை வாங்கினால்தான் அது என்று ஒரு பொருளோடு இன்னொன்றைத் தலையில் கட்டுவதையும் அந்தச் சட்டம் ஏற்பதில்லை. இதைச் சொல்லிப் பள்ளி ஆபீசில் சண்டை போடச் சொல்லவில்லை. பிள்ளைகள் அங்கேதான் படிக்க வேண்டும். தனியாகப் போனால் ‘பிரச்சினை பண்ற அம்மா’ என்ற பெயர்தான் மிஞ்சும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள்.

பள்ளிச் சின்னம் போட்ட சட்டை, டை, பெல்ட், டைரி ஆகியவற்றை அங்கேயே வாங்கிவிடுங்கள். மற்றவற்றுக்கு வெளிக்கடைதான். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், க்ரேயான் எதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. நோட்டுக்கு அதுவரை 12 சதவீதம் இருந்தது. உங்கள் பில்லில் நோட்டுக்கு வரி போட்டிருந்தால் விடாதீர்கள்.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் டஜன் கணக்கில் எடுத்தால் எம்ஆர்பியிலிருந்து குறைத்துத் தருவார்கள். விலையோடு தாளையும் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டு, ஒரு தாளில் ஜெல் பேனாவால் இரண்டு வரி எழுதித் திருப்பிப் பாருங்கள். மை மறுபக்கம் தெரிந்தால் பிள்ளை ஒரு பக்கம்தான் எழுதும். தீபாவளிக்குள் நோட்டு தீர்ந்துவிடும். பக்க எண்ணிக்கையில் அட்டையையும் அச்சடித்த பக்கங்களையும் சேர்த்துக் கணக்கு காட்டுவதும் உண்டு. பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும்.

பட்டியலில் உள்ள இருபது நோட்டையும் மே மாதமே வாங்கி அடுக்காதீர்கள். பாதியை வாங்குங்கள், மீதியை டீச்சர் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். போன வருஷத்து நோட்டுகளில் எழுதாத தாள்கள் எத்தனை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா அவற்றைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டுக் கொடுப்பார். எங்கள் ரஃப் நோட்டெல்லாம் அப்படி வந்ததுதான்.

மாநிலப் பாடத்திட்டம் என்றால் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பழைய புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் இருக்கிறது. பாடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, பையின் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருக்கிறது என்று கடைக்காரர் காட்டுகிறார்.

பதில்: அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திருப்பித் தரப் பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லையென்றால், 30 நாளுக்குள் கடைக்காரர் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும் என்பது அதே 2019 சட்டம். மூன்று வாரம்தானே, இன்றே போங்கள். பிய்ந்த இடத்தைப் போட்டோ எடுத்து, பில்லோடு கொண்டுபோங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்த பை வாங்கும்போது தோள்பட்டை சேரும் இடத்தை உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஒற்றைத் தையல் என்றால் வைத்துவிடுங்கள். வெறும் பையையும் தூக்கிப் பாருங்கள். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புத்தகப் பை கனக்கக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. பையே முக்கால் கிலோ இருந்தால் புத்தகத்துக்கு எங்கே இடம்?

கேள்வி: வளர்கிற பையன். சீருடை, ஷூ இரண்டையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

பதில்: சீருடைக்குச் சரி. தைக்கக் கொடுத்தால் பேன்ட் அடியில் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள், அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். ஷூ வேண்டாம், நடை கெடும். சாயங்காலம் கூட்டிப்போய், சாக்ஸ் போட்டு நிற்கவைத்து, விரல் நுனிக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.