பிடிபட்ட பிறகு எப்படி நடக்கிறாய்?

வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் மதுரையிலிருந்து பதில் சொல்கிறார்

கேள்வி: டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். ஸ்கூல் கபடி டீமில் ரைடர். பயிற்சியில் நல்லா ஆடுவேன். மேட்ச்சில் முதல் ரைடிலேயே பிடிபட்டுட்டா அவ்வளவுதான், தலை தொங்கிடும். "உன் மூஞ்சியைப் பார்த்தாலே எதிர் டீமுக்குத் தெம்பு வந்துடுது, நெஞ்சை நிமிர்த்து"ன்னு சார் சத்தம் போடுறார். உள்ளே பயத்தை வச்சுக்கிட்டு வெளியே தைரியசாலி மாதிரி நடிக்கிறது பொய்தானே?
- ஒரு மாணவி, உசிலம்பட்டி

பதில்: பொய் இல்லை தாயி. பயம் பாட்டுக்கு இருக்கட்டும். நடுக்கோட்டைத் தாண்டும்போது நல்ல நல்ல ரைடர்களுக்கே வயிற்றைப் பிசையும். அது உள்ளே நடப்பது. தோளும் கண்ணும் மூச்சும் உன் கையில் இருப்பவை. கால் நுனியால் தொடும் டோ டச், கையால் தொடும் ஹேண்ட் டச் பழகியது போல இவற்றையும் பழகலாம்.

முதலில் மூச்சைக் கவனி. ரைடருக்குப் பாட்டுதான் உயிர். தோள் முன்னால் மடங்கி நெஞ்சு ஒடுங்கினால் மூச்சு மேலோட்டமாகத்தான் வரும், "கபடி கபடி" தேய்ந்துகொண்டே போகும். எதிர்க்களத்தில் பாட்டு அறுந்தால், யாரும் தொடாமலே நீ அவுட். அடுத்து, எதிர் டீமில் ஓரத்தில், அதாவது கார்னரில் நிற்பவள் உன் கண்ணையும் காலையும்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். உன் பார்வை தரையில் கிடந்தால் துணிந்து ஓரடி முன்னே வருவாள். அந்த ஓரடியில், போனஸ் கோட்டைத் தாண்டி நீ எடுக்க வேண்டிய பாயிண்ட் போய்விடும். உன் சார் கத்துவது இதற்காகத்தான். ஆனால் "நெஞ்சை நிமிர்த்து" என்று கத்தினால் மட்டும் போதாது, எப்படி என்று அவர் சொல்லித் தரவும் வேண்டும்.

ஏதென்ஸில் 2004-இல் நடந்த ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளின் படங்களை ஜெசிகா டிரேசி, டேவிட் மாட்சுமோட்டோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் ஜெயித்தவுடன் கைகளை உயர்த்தி நெஞ்சை விரித்தார்கள். அவர்கள் அதை எங்கே பார்த்துக் கற்றிருக்க முடியும்? நிமிர்வது உன் உடம்புக்கும் தெரிந்த காரியம்தான். நடுவில் யாரோ அதை மறக்கடித்திருக்கிறார்கள்.

அது யார் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது தீராத ஆத்திரம். நம் பக்கம் ஒரு பெண்பிள்ளையைப் புகழ வேண்டுமென்றால் "குனிஞ்ச தலை நிமிராத பிள்ளை" என்போம். பையன் தொடையைத் தட்டிக்கொண்டு இறங்கினால் விசில் பறக்கும். நீ தட்டினால் "என்னா திமிரு" என்பார்கள். வீட்டிலும் தெருவிலும் பதினைந்து வருஷம் குனியச் சொல்லிவிட்டு, களத்தில் மட்டும் திடீரென்று நிமிரச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே நடிக்கிறோமோ என்று குழம்பாதே. நீ தொடையைத் தட்டு.

பி.வி. சிந்து இயல்பிலேயே சாது. ரியோ ஒலிம்பிக்குக்கு முன் அவருடைய கோச் கோபிசந்த், ஆடுகளத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தச் சொன்னார். சிந்துவுக்குக் கத்த வரவில்லை, அழுகைதான் வந்தது. கோபிசந்த் விடவில்லை. 2016-இல் வெள்ளிப் பதக்கம் வென்ற அந்த ஆட்டங்களைப் போட்டுப் பார், பாயிண்டுக்குப் பாயிண்ட் அவர் குரல் கேட்கும். அதைப் பொய் என்று சொல்வாயா?

இனி நீ செய்ய வேண்டியது. ரைடுக்குப் போகும் நடையைப் பலரும் பழகுகிறார்கள். பிடிபட்ட பிறகு நடக்கும் நடையை யாரும் பழகுவதில்லை. உன் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பயிற்சியில் வேண்டுமென்றே பிடிபடு. யாரும் கை கொடுக்கும் முன் நீயே எழு. மூச்சை நீளமாக வெளியே விடு. அவுட் ஆனவர்கள் உட்காரும் இடம் வரை, எதிரே நிற்பவரின் முகத்து உயரத்தில் பார்வையை வைத்துக்கொண்டு நட. ஓடவும் வேண்டாம், காலை இழுக்கவும் வேண்டாம்.

அங்கே போய் முழங்காலுக்குள் முகத்தைப் புதைக்காதே. உங்கள் டீம் ஒரு ஆளை அவுட் ஆக்கியதும் உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள், அது அடுத்த நிமிஷமேகூட இருக்கலாம். அதுவரை உன்னைப் பிடித்தவள் எந்தக் காலை முன்வைத்து நிற்கிறாள், அவர்கள் கை கோத்து நிற்கும் செயின் எந்தப் பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று பார். பார்த்ததை அடுத்து ரைடு போகிறவளிடம் வாய்விட்டுச் சொல். கண்ணுக்கு வேலை இருந்தால் தலை தானாக மேலே இருக்கும். எத்தனையோ பிள்ளைகளிடம் இது பலித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும், முறைப்பதும் ஜாடை பேசுவதும் இந்தக் கணக்கில் சேராது. நடுவர் கூப்பிட்டு எச்சரிப்பார்.

கேள்வி: வணக்கம் மேடம். என் மகன் 400 மீட்டர் ஓடுகிறான். அறை முழுக்க உசேன் போல்ட் படம். அவரைப் போலவே அம்பு விடுகிற மாதிரி போஸும் கொடுக்கிறான். படத்தைப் பார்த்தால் வேகம் வந்துவிடுமா?
- ஒரு தந்தை, மேலூர்

பதில்: படம் இருந்துவிட்டுப் போகட்டும், கிழிக்காதீர்கள். ஆனால் போஸை விட்டுவிட்டு ஓடும்போது போல்ட்டின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய வீடியோ எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கன்னமும் தாடையும் தளர்ந்து ஆடுவது தெரியும். உங்கள் மகன் கடைசி 100 மீட்டரில் பல்லைக் கடித்து, தோளைக் காது வரை ஏற்றி, கையை இறுக மூடுகிறானா என்று கவனியுங்கள். அநேகமாகச் செய்வான், 400 ஓடும் பையன்கள் பெரும்பாலும் அப்படித்தான். போல்ட்டிடமிருந்து அவன் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தளர்ந்த தாடை ஒன்றைத்தான்.

"நம்மாலும் முடியும்" என்ற நம்பிக்கைக்கு வேறு ஆள் வேண்டும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இலேயே எழுதியிருக்கிறார்: தன்னம்பிக்கைக்கு முதல் ஊற்று நாமே செய்து ஜெயித்தது. அதற்கடுத்து, நம்மைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது. "நம்மைப் போன்ற" என்பதுதான் இதில் முக்கியம். ஆறடி ஐந்தங்குல ஜமைக்காக்காரரைப் பார்த்து மேலூர்ப் பையன் வியக்கலாம், தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது கஷ்டம்.

நம் மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைச் சொல்லுங்கள். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தது பாட்டி ஆரம்மாள். ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓட ஆரம்பித்த பெண், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார். உங்கள் மகன் ஓடும் அதே 400 மீட்டர். மதுரையின் ஜெர்லின் அனிகாவையும் சொல்லுங்கள். 2022-இல் பிரேசிலில் நடந்த, காது கேளாதவர்களுக்கான டெஃப்லிம்பிக்ஸ் பேட்மிண்டனில் மூன்று தங்கம். அந்தப் போட்டியில் காதுக் கருவி போட்டுக்கொண்டு ஆட அனுமதி இல்லை. இரட்டையர் ஆட்டத்தில் கூட ஆடுபவருடன் பேச்சே கண்ணும் கையும்தான்.

முடிந்தால் ஒரு காலையில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துக்கு அவனை அழைத்து வாருங்கள். அவனைவிட இரண்டு மூன்று வயது மூத்த பையன்கள் ஓடுவதை ஓரமாக நின்று பார்க்கட்டும். அவனுக்கு உண்மையான முன்மாதிரி அங்கே கிடைப்பான்.

கேள்வி: போட்டிக்கு முன் இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்றால் ஹார்மோன் மாறி வீரம் வரும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே?
- ஒரு வாசகர், அலங்காநல்லூர்

பதில்: அப்படிச் சொன்ன ஆராய்ச்சி 2010-இல் 42 பேரை வைத்துச் செய்தது. 2015-இல் 200 பேரை வைத்து மறுபடி செய்தபோது ஹார்மோன் மாறவில்லை. முதல் ஆராய்ச்சியைச் செய்தவர்களில் ஒருவரான டேனா கார்னியே, அந்த விளைவில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று 2016-இல் எழுதிவிட்டார். அப்படி நின்றவர்கள் கொஞ்சம் தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னது மட்டும் இரண்டாவது தடவையும் வந்தது. ஆகவே நிற்பதில் நஷ்டமில்லை, நில்லுங்கள். ஆனால் வார்ம்-அப் நேரத்திலிருந்து அந்த இரண்டு நிமிடத்தை எடுக்காதீர்கள். கால் சூடேறாமல் இறங்கினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்.